ஆள் மாறிப் போன முதல் பரிசு

கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் கீழே போகும்படி மேசைமேல் கவிழ்த்து வைக்கிறார் கெய்னர் ஆர்மராட். அதற்கப்புறம்தான் ஒலிப்பதிவுக் கருவி பையிலிருந்து வெளியே வரும். இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் எந்தத் தெரு, எந்தச் சமையலறை என்றாலும் வரிசை இதுதான். "எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல கண்ணு, மெதுவா சொல்லுங்க" என்று வாயால் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. கடிகாரத்தைக் கவிழ்த்தால் நம்பிவிடுகிறார்கள். பேச ஆரம்பித்தவர்களிடம் அவர் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றே ஒன்று: "அப்புறம்?"

பல்கலைக்கழகத்தில் உடல்நலமும் சமூகமும் என்றொரு துறை இருக்கிறது. கெய்னர் அதில் ஆய்வாளர். முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால் பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம். தொல்லையே அதுதான். டாக்டர் வருகிறார் என்று கேள்விப்பட்ட டோரீன் ஹெஸ்கெத் அம்மாள், காலுறையைச் சுருட்டி இறக்கிவிட்டு முழங்காலை நீட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"நான் அந்த டாக்டர் இல்ல கண்ணு."

"பின்ன எந்த டாக்டரு?"

"கதை கேக்குற டாக்டரு."

"அதுக்கு எதுக்குடி படிப்பு? பஸ் ஸ்டாப்புல போய் உக்காந்தா ஆகாதா?"

இதை மாநாடுகளில் சொல்லிக் கைதட்டல் வாங்குவது கெய்னரின் வழக்கம். வந்ததற்கு அந்த முழங்காலையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்ததை மட்டும் சொல்லமாட்டார்.

அவர் முகம் அசையாது. அலுவலகத்தில் அவருக்குக் கல்லுமூஞ்சி என்று பெயர். அது அவருக்கும் தெரியும், உள்ளூரப் பெருமையும் உண்டு. பல் டாக்டரிடம் முறை கிடைக்காமல், இடுக்கியை எடுத்துத் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்ட கதையை ஒருவர் சொன்னார். சொன்னதோடு விடாமல் தீப்பெட்டியிலிருந்து பல்லையும் எடுத்து மேசையில் வைத்தார். கெய்னர் பல்லைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த பிஸ்கெட்டைக் கடித்தார். "அப்புறம்?" என்றார். நாம் முகம் சுளித்தால் அவர்கள் அந்த இடத்திலேயே கதையை மடித்து வைத்துவிடுவார்கள் என்பது அவர் கட்சி.

கேட்டதையெல்லாம் எழுதும்போது ஆட்களை ஒளித்து வைப்பது அவருடைய இன்னொரு கைவேலை. ஊர் சின்னது, பாதிப் பேர் மீதிப் பேருக்கு ஒன்றுவிட்ட சொந்தம். ஸ்காட்லாந்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த கேலம் என்ற சக ஆய்வாளருக்கு அவர் முதல் வாரமே பாடம் நடத்தினார். "பேரை மாத்தினா பத்தாது கேலம். வேலையை மாத்து, நாயை மாத்து, சாப்பிடுறதை மாத்து. சொந்தப் பொண்டாட்டி கூட்டத்துல உக்காந்து கேட்டாலும், 'யாரோ பாவம்'னு நெனைச்சுட்டுப் போகணும்."

வீட்டில் கெய்னர் வேறு ஆள். செருப்பைக் கழற்றும்போதே, "அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்தறியா நெவில், காது நிறைஞ்சு போச்சு" என்பார். நெவில் அவர் கணவர். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ரேடியோவை நிறுத்திவிட்டுத் தேநீர் போடுவார். போட்டுக்கொண்டே ஒரு குத்தல் வரும்: "ஊருக்கெல்லாம் கடிகாரத்தைக் கவுக்குற. நம்ம வீட்டுல மட்டும் அது நேராவே இருக்கு."

"உன் கதை எனக்குத் தெரியாதா? இஞ்சின், பவுல்ஸ் கிளப், மேபல். மூணே அத்தியாயம். மனப்பாடம்."

மேபல் என்பது நாய். ஓட்டப் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற கிரேஹவுண்டு. தன் பெயர் காதில் விழுந்ததும் எழுந்து வந்து நெவிலின் தொடையில் தாடையை வைத்துக்கொள்ளும். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிடும்.

இந்த வருடத்து ஆய்வு, ஐம்பதைக் கடந்த ஆண்கள் உடம்புக்கு முடியாவிட்டாலும் ஏன் டாக்டரிடம் போவதில்லை என்பது. புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிற பவுல்ஸ் கிளப்பில் அந்த வயது ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அது நெவில் போகிற இடம். தெரிந்தவர்களிடம் பேட்டி எடுக்கக் கூடாது என்பது துறையின் கண்டிப்பான விதி. எனவே கிளப்பைக் கேலமிடம் கொடுத்தார் கெய்னர். "யார் வந்தாங்க, யார் வரலைன்னு எங்கிட்ட மூச்சு விடாதே. என் புருஷனோட சீட்டாடுறவங்க அவங்க." கேலம் சொன்ன சொல் தவறாத மனிதர். கெய்னரின் கணவர் யார் என்றுகூட அவர் விசாரித்ததில்லை. நெவிலின் கடைசிப் பெயர் வேறு. கெய்னர் கல்யாணத்துக்குப் பிறகும் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை.

செப்டம்பரில் மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஊராரிடம் கேட்டதை ஊராருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது மரபு. மாவுக்குள் கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டம், ஊறவைத்த சிவப்பு முட்டைக்கோஸ், பெரிய கெண்டி நிறையத் தேநீர். பை இருக்கிறது என்றால் மண்டபம் நிறைந்துவிடும். முன்வரிசையில் டோரீன் அம்மாள். நெவில் வரவில்லை, மேபலுக்கு நகம் வெட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

கேலம் எழுந்தார். "இவருக்கு வால்டர்னு பேர் வச்சிருக்கோம். தபால்காரர். ஒரு ஸ்பானியல் நாய் வளர்க்கிறார். அவர் சொன்னதை அப்படியே படிக்கிறேன்." படித்தார்.

"குடல்ல புற்றுநோய் இருக்கான்னு பாக்க, அரசாங்கத்துலேருந்து அந்தக் குழாய் தபால்ல வந்துச்சு. அம்பது தாண்டினா எல்லாருக்கும் வருதே. வெளிக்குப் போனதுல குச்சியை விட்டு எடுத்து, குழாய்க்குள்ள போட்டு அனுப்பணும். எனக்குத்தான் ரத்தம் போகுதே, அனுப்பினா மாட்டிக்குவேன். அதனால நாயோடதுல குச்சியை விட்டு அனுப்பிட்டேன்."

மண்டபம் குலுங்கியது. டோரீன் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெய்னரும் சிரித்தார், கேலம் நன்றாகப் படிக்கிறாரே என்று பெருமையாக இருந்தது.

"கொஞ்ச நாள்ல பதில் வந்துச்சு, ஒரு குறையும் இல்லைன்னு. நாய் நல்லா இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும். வீட்டுக்காரிக்குத்தான் சந்தோஷம் தாங்கல. நாய் கண்காட்சியில ஜெயிச்ச ரிப்பன் பூ ஒண்ணு அலமாரியில கெடந்துச்சு. அதை எடுத்து என் ஸ்வெட்டர்ல குத்தி, 'இந்தா முதல் பரிசு'ன்னு முத்தம் குடுத்தா. அது நாய்க்குப் போக வேண்டியது. ஆள் மாறிப் போச்சு."

கெய்னரின் சிரிப்பு பாதியில் நின்றது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேபலின் சிவப்பு ரிப்பன் பூவை எடுத்து நெவிலின் பச்சை ஸ்வெட்டரில் குத்தியது அவர்தான். ஊசி சரியாக இறங்காமல் விரலில் குத்தியதுகூட ஞாபகம் இருந்தது. நெவில் அப்போது நாயைப் பார்த்து அளவுக்கு மீறிச் சிரித்தார். அது நிம்மதிச் சிரிப்பு என்றல்லவா கெய்னர் நினைத்திருந்தார்? சுற்றிலும் எல்லாரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கேலம் பேரை மாற்றியிருந்தார், வேலையை மாற்றியிருந்தார், நாயின் இனத்தை மாற்றியிருந்தார். ரிப்பனில் மட்டும் கை வைக்கவில்லை. கேட்டவரைச் சிரிக்க வைக்கிற ஒரு வரியை வெட்டி எறிய இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் மனம் வராது. கெய்னருக்கே வந்திருக்காது.

கேலம் குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் படித்தார். "இன்னும் போகுதான்னா போகுது. அவகிட்ட சொல்லல. கம்பெனியில நாள் பூரா ஊர்க்காரன் புலம்பலை டெலிபோன்ல கேட்டுட்டு வர்றா. வீட்டுக்குள்ள வந்தா ரேடியோகூட ஆகாது. அவ காதுக்கும் லீவு வேணும்ல. அதுல போய் என்னோடதையும் ஊத்தணுமா?"

மனைவியின் வேலையும் மாறியிருந்தது. இந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. யாரோ, "ஐயோ பாவம் மனுஷன்" என்றார்கள்.

பை தட்டுகளோடு கூட்டம் கலைந்து நின்றபோது கேலம் முகமெல்லாம் மலர்ச்சியாக வந்தார். "நல்லா எடுபட்டுச்சு இல்ல?"

"நல்லா இருந்துச்சு" என்றார் கெய்னர். முகம் அசையவில்லை. "அந்த வால்டரை டாக்டர்கிட்ட போகச் சொன்னியா?"

"சொன்னேன். பேட்டி முடிஞ்சதும் சொன்னேன், அப்புறம் போன் பண்ணியும் சொன்னேன். பார்க்கலாம் பார்க்கலாம்னார். அதுக்கு மேல நாம என்ன செய்யலாம்?"

"எப்ப பேசினே?"

"ஈஸ்டருக்கு முன்னாடி. அஞ்சாறு மாசம் இருக்கும்."

கெய்னரின் தட்டிலிருந்து முட்டைக்கோஸ் சரிந்து சட்டையில் சிவப்பாக வழிந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்தார், துடைக்கவில்லை. டோரீன் அம்மாள்தான் கைக்குட்டையை நீட்டினார். "உனக்கு என்னடி ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே."

"பை சூடு" என்றார் கெய்னர். பை ஆறிப்போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

காரில் போகும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. குளிர்காலத்திலிருந்து நெவில் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறார். வீட்டு வேலையில் பங்கெடுக்கிற கணவர் என்று கெய்னர் அலுவலகத்தில் பெருமையடித்திருக்கிறார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டபோது, "மேபலோட நடந்து இளைச்சுட்டே, கொடுத்து வச்சவன்" என்று கேலி செய்தவரும் அவர்தான். ஊரார் இளைத்தால் ஏன் என்று கேட்கச் சம்பளம் வாங்குகிறவர். அவருக்குத் தன்மேல் வந்த கோபத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்விட்டார்.

நேரே போய், "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? பெயர் வெளியே வராது என்று கேலம் கொடுத்த வாக்கு உடையும். தன் பேச்சைக் கூட்டத்தில் போட்டுச் சிரித்தார்கள் என்று நெவிலுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த மனிதர் எந்த டாக்டரிடம் போய் வாயைத் திறப்பார்? சொல்லாவிட்டாலோ ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். வாசலில் காரை நிறுத்திவிட்டுப் பயத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே ரேடியோவில் கால்பந்து வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்த சத்தம் கேட்டதும் அது நின்றது.

"கூட்டம் எப்படி?" என்றார் நெவில். மேபலின் காலைத் தொடைமேல் போட்டு நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பச்சை ஸ்வெட்டர் தோளிலிருந்து தொங்கியது.

"நெறைய பேர் வந்தாங்க."

"பை?"

"மிச்சமே இல்ல."

"சட்டையில என்ன ரத்தமா?"

"முட்டைக்கோஸ்."

"சரி, தேநீர் போடறேன். நீ காலை நீட்டி உக்காரு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

கெய்னர் காலை நீட்டவில்லை. நாற்காலியை இழுத்து, மேசைக்கு இந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். கருவி இருந்த கைப்பையை எட்ட வைத்தார். இடது மணிக்கட்டிலிருந்த வாரை அவிழ்த்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றி, நெவில் பார்க்கும்படி மேசையின் நடுவில் கவிழ்த்து வைத்தார்.