பதின்மூன்றாவது படம்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இதில் ஒரு சொல்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. வட ஜப்பானில், பனி கொட்டும் ஊர் ஒன்றின் மருத்துவமனையில், எக்ஸ்ரே படங்களை வட்டில் பதிந்து கொடுக்கும் பிரிவில் பதினோரு வருஷம் குப்பை கொட்டியவன் நான். இது நடந்தது எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன் இகராஷிக்கு. அவருக்குப் பொய் பேசத் தெரியாது. உண்மையையும் பேசத் தெரியாமல் போனதுதான் வினை.

இரைப்பையை வெட்டித் தைத்த நோயாளிகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஏழாம் நாள் ஒரு சோதனை உண்டு. தையல் ஒழுகுகிறதா என்று பார்க்க, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் அயோடின் மருந்தைக் குடிக்கச் சொல்வார்கள். வழக்கமான பேரியம் கூடாது. ஓட்டை இருந்தால் அது இரைப்பைக்கு வெளியே கொட்டி வயிற்றறையில் தங்கிவிடும், ஆளையே கொன்றுவிடும். அயோடினை உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. ஒழுகவில்லை என்றால் அன்று மாலையே முதல் கஞ்சி.

திரையில் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்திய நொடி மட்டும்தான் படமாக நிற்கும். மற்றதெல்லாம் பார்த்தவர் கண்ணோடு போய்விடும்.

ஒரு பிப்ரவரி 9 அன்று தோகாஷி என்ற விவசாயி அந்தச் சோதனைக்கு வந்தார். எப்போதோ கூரையில் பனி தள்ளும்போது விழுந்ததில் இடப்பக்க விலா ஒன்று கோணலாகக் கூடியிருந்தது அவருக்கு. மருந்து கசக்கும் என்று இகராஷி எச்சரித்தபோது, "என் பொண்டாட்டி ஊறுகாய விடவா கசந்துடப்போகுது?" என்று கிண்டலடித்துவிட்டுக் குடித்தார்.

மதியம் 2.41. தையலுக்கு வெளியே முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு கசிந்தது. இகராஷியின் விரல் பொத்தானுக்குப் போனது. பக்கத்தில் நின்ற, தோகாஷிக்கு அறுவை செய்த மருத்துவர் முராகோஷி, "அது வெறும் சதை மடிப்புய்யா. விடு" என்றார். எங்கள் இடத்தில் பெரிய டாக்டர் மடிப்பு என்றால் மடிப்புதான். விரல் பின்வாங்கியது. பன்னிரண்டு படங்கள் பதிவாயின. ஒன்றிலும் அந்தக் கோடு இல்லை.

மாலை கஞ்சி கொடுத்தார்கள். மூன்றாம் நாள் வயிறு முழுக்கச் சீழ் வைத்து தோகாஷி செத்துப்போனார்.

சொந்தபந்தம் சூழ நின்ற அவர் மனைவி ஃபுமியிடம் முராகோஷி ஒரே ஒரு கேள்வி கேட்டார். வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்து கொடுத்தீர்களா? அந்த அம்மாள் பையில் முள்ளங்கி ஊறுகாய் டப்பா இருந்தது. திறக்கவே இல்லை என்று கதறினார். யார் காதில் வாங்கினார்கள்? புருஷனை ஊறுகாய் கொடுத்துக் கொன்றவள் என்று ஊர் பேசியது. பெற்ற மகனே பேச்சை நிறுத்தினான். ஃபுமி படங்களின் நகல் கேட்டு என்னிடம் வந்தார். பன்னிரண்டையும் நானே எண்ணி வட்டில் போட்டுக் கொடுத்தேன்.

சரியாக ஒரு வருஷம். அதே பிப்ரவரி 9.

ஹோஷினா என்ற பெண்மணி. அதே அறுவை, அதே முராகோஷி. மதியம் 2.38-க்கு அவரை நிற்கவைத்து, கையில் காகிதக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, இகராஷி கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்கு இந்தப்புறம் வந்து உட்கார்ந்தார். விளக்கை மங்கலாக்கினார்.

2.40. மைக்கில், "ஒரு வாய் வாங்கிக்குங்க. அப்படியே மெதுவா விழுங்குங்க" என்றார்.

ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. களக்… களக்…

பெண்பிள்ளை விழுங்கும் சத்தமாக அது இல்லை. பெரிய தொண்டை.

திடீரென்று இகராஷியின் வாய் கசந்தது. நாக்கின் அடிவரை… அயோடின் கசப்பு.

2.41.

திரையில் வெள்ளை இறங்கியது. தையலைத் தாண்டியது. இடப்பக்கம்… முடி மாதிரி ஒரு கோடு.

"மடிப்புய்யா. விடு" என்றார் பக்கத்தில் நின்ற முராகோஷி. அதே குரல்.

விரல் பொத்தானுக்குப் போனது.

இந்த முறை அழுத்தினார்.

"மடிப்பு இல்ல டாக்டர். ஒழுகுது. அன்னிக்கும் ஒழுகிச்சு."

முராகோஷி சீறித் திரும்பினார். அதற்குள் கண்ணாடிக்கு அந்தப்புறம் ஹோஷினா கையை ஆட்டினார். கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. வாயில் இருந்ததைக் கோப்பையிலேயே துப்பினார்.

ஒரு சொட்டுகூட அவர் விழுங்கியிருக்கவில்லை.

"நீங்கதானே இருக்கச் சொன்னீங்க?" என்றார். "ஸ்பீக்கர்ல… 'கொஞ்சம் இரும்மா, நான் முதல்ல குடிச்சுடறேன்'னு."

இகராஷி திரையைப் பார்த்தார். கோடு இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அதன் மேலே விலா எலும்பு ஒன்று.

கோணலாக.

முராகோஷியும் பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

திரை அணைந்தது.

வேறொரு டாக்டர் வந்து சோதனையை மறுபடி செய்தார். ஹோஷினாவுக்கு ஒழுகல் இல்லை. மாலை கஞ்சி குடித்தார், இரண்டு வாரத்தில் வீடு போனார்.

அவருடைய கோப்பில் 2.41-க்கு எந்தப் படமும் பதிவாகவில்லை. இகராஷி என் மேஜைக்கு வந்து, தோகாஷியின் பழைய கோப்பைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். என் கையாலேயே எண்ணிய கோப்பு அது. பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில் பதின்மூன்று இருந்தது.

கடைசிப் படத்தில் கோணல் விலா. தையலுக்கு வெளியே வெள்ளைக் கோடு. அதைத் தாளில் அச்செடுத்து இகராஷியிடம் கொடுத்தேன். மறுநாள் இகராஷியே பனியில் நடந்து ஃபுமி வீட்டுக்குப் போனார். தான் பார்த்ததையும், பொத்தானிலிருந்து விரலை எடுத்ததையும் ஒளிக்காமல் சொன்னார்.

அந்த அம்மாள் அழவில்லை. படத்தில் இருந்த கோணல் விலாவைத் தடவிப் பார்த்தார். "அப்ப, நான் கொல்லலையே?" என்று மட்டும் கேட்டார். இல்லையம்மா என்றார் இகராஷி.

பிறகு படத்தின் மூலையில் இருந்த தேதியைப் படித்தார் ஃபுமி. நேற்றைய தேதி இல்லை அது. ஒரு வருஷத்துக்கு முந்தையது. நேரம் 2.41.

"எடுத்துத்தான் வெச்சிருக்கீங்க" என்றார். "ஒரு வருஷமா இத எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

இகராஷி தலையைத் தரையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். அவர் வாயில் அந்தக் கசப்பு இன்றுவரை போகவில்லை.