ஓடு திறந்தால் வெந்தது என்றார் மச்சான்

செவ்வாய்க்கிழமை காலை என் இடது கெண்டைக்காலில் கருநீலக் கொப்புளம் இருந்தது. முந்தின மாலையே குளிர்க்காய்ச்சல் தொடங்கிவிட்டது. சிதம்பரம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் கொப்புளங்கள் மூன்றாகியிருந்தன.

"எவ்ளோ குடிப்பீங்க?" என்றார் இளம் டாக்டர்.

"குடிக்கிறதில்ல."

"லிவரப் பாத்தா அப்படித் தெரியலியே."

எனக்குச் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகுதல்). குடியால் அல்ல, ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) தந்தது. மூச்சு வாங்கும்போதும் இதை நிரூபிக்க வேண்டியிருந்தது.

மூத்த மருத்துவர் வந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "ரெண்டு மூணு நாள்ல கடல் அயிட்டம் என்ன சாப்ட்டீங்க?"

ஞாயிறு மதியம் கடலூரில், மனைவியின் அண்ணன் வீட்டில், மட்டிச் சிப்பி சாப்பிட்டேன். ஓடுகள் வாய் பிளந்ததுமே மச்சான் சட்டியை இறக்கிவிட்டார்.

"இன்னுங் கொஞ்சம் வேகட்டும் மச்சான்" என்றேன்.

"ஓடு தொறந்தா வெந்துச்சுன்னு அர்த்தம் மாப்ள. ஜாஸ்தி வெந்தா ரப்பரு. எல்லாத்துக்கும் பயந்துகிட்டே இரு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் சாப்பிட்டேன். இதில் என்னையும் நான் மன்னிக்கவில்லை.

ரத்தத்தில் விப்ரியோ (உவர்நீரில் வாழும் பாக்டீரியா) கலந்திருந்தது. அன்றே கெண்டைக்காலைக் கீறிச் செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். ஐசியூவில் கழிந்த அடுத்த ஆறு நாட்கள் எனக்குத் தெரியாது.

வார்டுக்கு மாற்றிய பிறகு மச்சான் வந்தார். என்னிடம் பேசவில்லை, மருத்துவரிடம் பேசினார்.

"பன்னெண்டு பேரு ஒரே சட்டியிலதான் சாப்ட்டோம். எங்களுக்கு ஒண்ணும் ஆவல. இவரு ஒடம்பு அப்புடி."

"சட்டி ஒண்ணுதாங்க, ஆபத்துதான் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. கெட்டுப்போன லிவரால இந்தக் கிருமியத் தடுக்க முடியாது. ஓடு தொறந்தப்புறமும் அஞ்சு நிமிஷமாவது கொதிச்சிருக்கணும்."

"இவரு மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"சொன்னேன். சிரிச்சீங்க" என்றேன். என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மச்சான் வாங்கிவந்த இளநீரை வைத்துவிட்டுப் போனார். நான் குடிக்கவில்லை.

பல வருடங்களாகக் கல்லீரலுக்கு மாத்திரை எழுதித்தந்தவர்கள் உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். மட்டியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். கல்லீரல் நோயோ சர்க்கரையோ இருந்தால், அரைவேக்காட்டு மட்டியை யார் நீட்டினாலும் தொடாதீர்கள். காய்ச்சல் வந்தால், கேட்பதற்கு முன்பே என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது நடக்கிறேன். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று எதையும் தள்ளிப்போட முடிவதில்லை. ஒரே இரவில் கால் கெட்டதிலிருந்து எனக்கு நாள் என்பது மணிக்கணக்காகிவிட்டது. கெண்டைக்காலில் தொடைத் தோலை ஒட்டியிருக்கிறார்கள். தடவினால் என் கைக்குத் தெரிகிறது. காலுக்குத் தெரிவதில்லை.