தேன்சிட்டுக்குப் பதிலாள்

மலையில் பூந்தோட்ட வேலை என்றால் பூவோடு பூவாக இருப்பது என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி நாள் நாங்கள் ஒரு குருவி வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்போம். குடும்பம் ஓரிடம், சம்பளம் ஓரிடம் என்று பிழைக்கும் உங்களுக்கு மீதியைச் சொல்லாமலே புரியும். என் வீடு ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரில். தோட்டமோ சிம்பாங் பூலாய் வழியாக மலையேறி, காது அடைக்கும் உயரத்தில்.

வாசம் இல்லாத பூ

ஈப்போவிலிருந்து தோட்டம் சுற்றிப் பார்க்க வந்த அக்கா ஒருவர் எங்கள் சிவப்புப் பூவை மூக்கோடு வைத்து மூச்சை இழுத்தார். ரோடோடெண்ட்ரன் என்று அதற்குப் பெயர். நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள். வாசமே இல்லையே என்றார் அக்கா. இந்தப் பனிமூட்டத்தில் தேனீ வெளியே தலைகாட்டாது, மகரந்தம் மாற்றிவிடுவது தேன்சிட்டுதான், குளிரக் குளிர அதற்குப் பசி கூடும், அது நிறத்தைப் பார்த்து வருமே ஒழிய மோப்பம் பிடித்து வராது என்று விளக்கினேன். அக்கா பூவை மெதுவாக விட்டுவிட்டுக் கணவரிடம் திரும்பினார்.

"நமக்குப் பூக்கலயாம், குருவிக்குப் பூக்குதாம். வாங்க, ஸ்ட்ராபெரி பாக்கப் போலாம்."

குரங்குக்குப் போட்ட வலை

குரங்கு மொட்டைப் பிய்க்கிறது என்று எங்கள் சீன முதலாளி, தவுக்கே, பாத்தியைச் சுற்றி வலை கட்டினார். குரங்கு வருவது நின்றது, தேன்சிட்டு வருவதும் நின்றது. பூ கொள்ளையாகப் பூத்தும் ஒரு காய் பிடிக்கவில்லை. விதை இல்லாமல் நாற்று ஏது? ஆளுக்கொரு பிரஷ் தந்து, குருவி வேலையை எங்களையே பார்க்கச் சொன்னார். ஞாயிறு லீவும் போயிற்று.

அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். மூச்சிளைப்பு உள்ள குழந்தை. இந்தக் குளிருக்குக் கொண்டுவர முடியாது. அவள் தவழ்ந்ததையும் பல் முளைத்ததையும் போனில்தான் பார்த்தேன். ஒரு தடவை தூக்கினால் போதும் என்று இருக்கும். கூட வேலை செய்த பாகான் செராய்க்காரன் மணியம் ஒரு மாலை பிரஷைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, குருவியா இருந்தா இந்நேரம் வேலைய முடிச்சிட்டுக் கூட்டுக்குப் போயிருக்கும்லா."

வலையைச் சுருட்டினோம்

இரண்டு பேர் நாள் முழுக்கத் தடவியும் பாதிப் பாத்தி தாண்டவில்லை. தவுக்கே பொறுமை இழந்து வலையைச் சுருட்டச் சொன்னார். மறுநாள் காலை, கை விறைக்கும் பனியில், கீச்சென்று சத்தம். தேன்சிட்டேதான். பூவுக்குப் பூ தலையை நுழைத்து, நெற்றியெல்லாம் மகரந்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தவுக்கே பார்த்துவிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில், குருவிக்கு மட்டும் மலாய்ச் சொல்லைப் போட்டுச் சொன்னார்: "பூரோங் வந்தாச்சு. நீ வீட்டுக்குப் போலாம்லா."

செமோர் வீட்டில்

அன்று சாயந்தரமே வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன். மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள், வீறிட்டாள், தன் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். என் மனைவி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதம்மா, அப்பாலா. போன்ல வருவாரே, அவருதான்."

ஆக, குருவி வேலையைப் பார்க்கப் போனவன், அப்பா வேலைக்குப் புதிதாகச் சேர வேண்டியதாயிற்று.