நெல்லூர்க் கிடாவுக்குக் கோவணம்

மண்டகப்பட்டுப் பாறைக்கு மேற்கே, ஏரிக்கு அந்தப் பக்கம் இருந்த சேரியில் பாஞ்சாலி குடியிருந்தாள். அவளுக்குச் சொந்த நிலம் இல்லை. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவது என்று யார் கூப்பிட்டாலும் போவாள். யாரும் கூப்பிடாத நாட்களில் வீட்டில் கேப்பைக் கூழ் தண்ணீராகிவிடும். அவளும் அவள் கணவன் பெரியதம்பியும் என் சித்தப்பா விருத்தாசலத்தின் செம்மறிகளை வாரத்துக்கு வளர்த்துவந்தார்கள். ஆடு சித்தப்பாவுடையது, மேய்ப்பது இவர்கள், பிறக்கும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. எங்கள் பக்கத்து வழக்கம் அதுதான்.

1938-ஆம் வருடம் ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பாஞ்சாலி எங்கள் மாட்டுக்கொட்டகை வாசலில் வந்து நின்றாள்.

"ஆண்டே, இனிமே பாதி பாதி வேணாங்க. கிடாக்குட்டி பூராவும் நீங்க எடுத்துக்கோங்க. பொட்டைக்குட்டிய மட்டும் எனுக்கு வுட்டுடுங்க."

சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கசாப்புக் கடைக்காரன் கிடாக்குட்டிக்குத்தான் ஓடி வருவான். பொட்டைய வெச்சிக்கினு நீ இன்னா பண்ணப் போற?"

"அது குட்டி போடுங்க. அந்தக் குட்டி இன்னொரு குட்டி போடும்."

"அதுக்குள்ள நீ கெழவி ஆயிடுவ."

"ஆவட்டுங்க. கெழவிக்கு ஒரு பட்டி இருக்குமில்ல?"

சித்தப்பா ஒப்புக்கொண்டார். தனக்கே லாபம் என்று அவர் நினைத்தார். பாஞ்சாலியின் கணக்கு வேறு. நல்ல தாய் ஆடுகளுக்கு எப்போதும் ஆள் தேடி வரும் என்பதை அவள் சந்தையில் பார்த்திருந்தாள். அறுப்புக்கு வாங்குகிறவன் ஒருமுறைதான் வருவான். வளர்ப்புக்கு வாங்குகிறவன் மறு வருடமும் வருவான். தன் பட்டிப் பொட்டைக்குட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டும், பிறகு யார் வயலிலும் போய்க் கூலிக்கு நிற்கக் கூடாது. அதற்குத்தான் அவள் ஆசைப்பட்டாள்.

அந்த ஆசை முழுவதும் ஒரு இளம் ஆட்டின் மேல் நின்றது. குட்டைக்காதி என்று அதற்குப் பெயர். சிவப்பு நிறம், வெற்றிலை நுனி போலச் சின்னக் காது. புல் கருகிப்போன ஒரு வருடத்தில், மற்ற ஆடுகள் தங்கள் குட்டியை உதைத்துத் தள்ளியபோது, அதன் தாய் மட்டும் இரண்டு குட்டிக்கும் பால் கொடுத்து வளர்த்தது. அந்த இரண்டில் ஒன்றுதான் குட்டைக்காதி. இன்னும் சினை பிடிக்கவில்லை.

கார்த்திகையில் சித்தப்பா திண்டிவனம் சந்தையிலிருந்து ஒரு நெல்லூர்க் கிடாவை ஓட்டி வந்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. உயரம் ஒரு கன்றுக்குட்டி அளவு, காது இரண்டும் தொங்கித் தாடையைத் தொட்டன. ஊரே வந்து பார்த்தது. கிடாக்குட்டிகள் எல்லாம் தனக்கு என்றான பிறகு, அவை பெரிதாக வரட்டும் என்பது சித்தப்பாவின் யோசனை.

பாஞ்சாலி அதைச் சுற்றி வந்து பார்த்தாள். "இத்தப் பெத்தவ எப்பிடிங்க? பால் நல்லா இருந்திச்சா?"

"கிடாவுக்கு ஜாதகமா பாக்கற? ஒசரத்தப் பாரு!"

"அதத்தான் பாக்கறேன் ஆண்டே. நம்ம ஆடு இதுல பாதிதான் கீது. சின்னதுங்க இதோட குட்டிய எப்பிடி ஈனும்? ஒரலை முழுங்கின மாதிரி ஆயிடும். அப்பிடியே பொட்டைக்குட்டி பொறந்தாலும், காலு நீட்டமா வளந்துடும், தீனி ரெண்டு பங்கு கேக்கும். சித்திரை வெயில்ல வேலங்காயப் பொறுக்கித் தின்னுக்கினு பால் குடுக்குமா?"

சித்தப்பா முகத்தைச் சுளித்தார். ஆனாலும் ஆடு செத்தால் நஷ்டம் அவருக்கும்தான். கடைசியில் ஒரு ஏற்பாடு ஆயிற்று. இடுப்பு அகன்ற பழைய ஆடுகள் நெல்லூர்க் கிடாவோடு ஒரு பட்டியில் அடையும். தலையீத்துக்கு நிற்கும் இளம் ஆடுகள் வேறு பட்டி. அவற்றுக்கு ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து சவுரிராயன் என்பவருடைய நாட்டுக் கிடாவைப் பொங்கல் கழித்துக் கொண்டுவருவது. அது குள்ளம், ஒரு கொம்பு வேறு கோணல். ஆனால் அதன் தாயைப் பாஞ்சாலி நேரில் பார்த்திருந்தாள், அவளுக்கு அது போதும்.

பகலில் எல்லா ஆடுகளும் ஒன்றாகத்தானே மேய வேண்டும்? அதற்கு அவள் ஒரு வழி செய்தாள். கிழிந்த சாக்கை மடித்து நெல்லூர்க் கிடாவின் அடிவயிற்றில் தொங்கவிட்டு, முதுகில் கயிறு போட்டு முடிந்தாள். கிடா எந்த ஆட்டின் மேல் ஏறினாலும் சாக்குத்தான் நடுவில் நிற்கும். மாலையில் பழைய ஆடுகளோடு அடைத்த பிறகுதான் அவிழ்ப்பாள்.

"ராஜாவாட்டம் இருந்தத ஆண்டி ஆக்கிட்டியே!" என்றான் பெரியதம்பி.

"ஆண்டியாவே இருக்கட்டும். ஊரு பேஜாரில்லாம இருக்கும்."

மாட்டுப் பொங்கல் வந்தது. அன்று எங்கள் வீட்டில் கொட்டகை கழுவுவதும் பானை ஏற்றுவதுமாகப் பாஞ்சாலிக்கு வேலை சரியாக இருந்தது. பெரியதம்பி ஆடுகளை ஏரியில் குளிப்பாட்டினான். எல்லா ஆடுகளையும் ஒரே இடத்தில் நிறுத்தித்தான் படைப்பார்கள். அவன் சாக்கைப் பார்த்தான். நாற்றம் பிடித்துக் கறுத்திருந்தது. அதை அவிழ்த்து வேலியில் போட்டுவிட்டு, கிடாவின் கொம்புக்கு நீலம் அடித்தான், காவியை எண்ணெயில் குழைத்து நெற்றியிலும் மார்பிலும் அப்பினான், மாலை போட்டான். பிறகு பங்காளி வீட்டில் கூப்பிட்டார்கள் என்று போய்விட்டான்.

பாஞ்சாலி பொழுது சாயும் நேரத்தில் வந்து பார்த்தாள். இளம் ஆடுகளில் இரண்டின் பின்புறத்தில் சிவப்பாகக் காவி அப்பியிருந்தது. கிடாவின் மார்பிலிருந்த காவிதான் அது. அந்த இரண்டில் ஒன்று குட்டைக்காதி.

"யோவ்! சாக்க யாருய்யா அவுத்தது?"

பெரியதம்பி வெற்றிலை வாயோடு வந்தான். "சாமிக்கு முன்னால கோவணத்தோடவா நிறுத்தச் சொல்ற? நல்ல நாளும் அதுவுமா?"

"நல்ல நாளா? இங்க வந்து பாரு உன் நல்ல நாள!"

அவன் காவியைப் பார்த்தான். வாயிலிருந்ததைத் துப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

செம்மறிக்குச் சினை ஐந்து மாதம். ஆனி பிறந்ததும் குட்டி போட வேண்டும். சவுரிராயனின் கிடா சொன்னபடி வந்து இளம் ஆடுகளோடு சேர்ந்தது. ஆனால் பாஞ்சாலியின் மனம் அந்த இரண்டு ஆடுகளின் மேலேயே இருந்தது. சித்திரையில் பழைய ஆடுகள் ஒவ்வொன்றாக ஈன்றன. அகன்ற இடுப்புள்ளவையே முனகித்தான் ஈன்றன; குட்டிகளின் தலை அவ்வளவு பெரிது. ஒவ்வொரு முறையும் அவள் திரும்பிக் குட்டைக்காதியைப் பார்ப்பாள்.

பெரியதம்பி தன் பிழைக்கு ஈடு செய்கிறவன்போல, குட்டைக்காதிக்கு மட்டும் அகத்திக்கீரையும் புளித்த கஞ்சியும் கொண்டுவந்தான்.

"வேணாய்யா. வயித்துக்குள்ள இருக்கற குட்டிக்கு நீ தீனி போட்டுக்கினு கீற. அது இன்னும் பெருக்கும்."

"பட்டினி போடவா சொல்ற?"

"பட்டினியும் வேணாம், விருந்தும் வேணாம். நடக்க வை."

தினமும் குட்டைக்காதியைப் பாறைச் சரிவில் ஏற்றி இறக்கினான்.

ஆனி முதல் வாரத்தில், காவி பட்ட இன்னொரு ஆட்டுக்கு நடுப்பகலில் வலி எடுத்தது. பாறை நிழலில் படுத்துக்கொண்டு அது கத்தியது ஏரிக்கரை வரை கேட்டது. கால் இரண்டும் தெரிந்தன, தலை வரவில்லை. பாஞ்சாலி கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, ஆடு முக்கும்போது மட்டும் மெல்ல மெல்ல இழுத்தாள். தொங்கு காதும் நாரைக் காலுமாக ஒரு கிடாக்குட்டி வந்து விழுந்தது. ஆட்டுக்கு மறுநாள்தான் எழுந்திருக்க முடிந்தது. பிழைத்துக்கொண்டது. சித்தப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா, எப்பிடிப் பொறந்திருக்கு!"

"பாத்தேன் ஆண்டே. பெத்தது நீங்களில்ல."

அவர் இதையும் சிரித்தபடி விட்டுவிட்டார்.

குட்டைக்காதி அதைவிட ஒடிசல். இன்றா நாளையா என்று காத்திருந்தார்கள். வலி எடுக்கவில்லை, மடியும் இறங்கவில்லை. வாரம் ஒன்று போயிற்று. வயிற்றுக்குள் செத்துவிட்டதோ என்று பாஞ்சாலி கை வைத்துப் பார்த்தாள். உள்ளே அசைந்தது. உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் பயம் இன்னும் கூடியது. நாள் கடந்தும் உள்ளேயே வளர்கிறது என்றால் எப்படி வெளியே வரும்? பெரியதம்பி கூழ் குடிப்பதையே குறைத்துக்கொண்டான். சேரிப் பெண்கள், "ஆட்டுக்கு மசக்கையா, உன் வூட்டுக்காரருக்கா?" என்று கேலி செய்தார்கள்.

மேலும் ஒரு வாரம் கழித்துத்தான் மடி இறங்கியது. பாஞ்சாலி களையெடுக்கப் போவதை நிறுத்திவிட்டு விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு பட்டியிலேயே இருந்தாள். ஒரு காலையில் தண்ணீர் எடுக்க ஏரிக்குப் போனவள், திரும்பி வரும்போது பட்டிக்கு வெளியே பெரியதம்பி வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தாள். குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

குட்டைக்காதி நின்றபடி ஒரு சிவப்புக் குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. கத்தவில்லை, முனகவில்லை. கைக்கு அடக்கமான குட்டி. அது அதற்குள் எழுந்து மடியைத் தேடியது. பாஞ்சாலி அதைத் தூக்கி முதலில் காதைப் பார்த்தாள். வெற்றிலை நுனி. பிறகு வாலைத் தூக்கிப் பார்த்தாள். பொட்டை.

"இது நெல்லூரான் குட்டி இல்லய்யா," என்றாள். "சவுரிராயன் கிடாவோடது!"

"அப்ப அந்தக் காவி?"

அவள் யோசித்தாள். சினை நிற்காத ஆடு இரண்டரை வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வரும். பொங்கலன்று கிடா ஏறியது, காவி ஒட்டியது, சினை நிற்கவில்லை. மறுபடி பருவம் வந்தபோது பக்கத்தில் இருந்தது கோணல் கொம்பன். நாள் தள்ளிப்போனதும் அதனால்தான். இவள் காவியைப் பார்த்த பயத்தில், வேறு எதையும் நினைக்கவில்லை.

"அஞ்சு மாசமா என்னப் பேசினியே," என்றான் பெரியதம்பி.

"பேசினேன். இன்னும் பேசுவேன். போய் அகத்திக்கீரை ஒடிச்சிக்கினு வா, ஜல்தியா. இப்பத்தான் அவளுக்கு விருந்து வேணும்." சொல்லிவிட்டு, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வழியில் வைத்த குடத்தின் நினைவே அவளுக்கு வரவில்லை.

நான் இதை எழுதும் 1947-இல், பாஞ்சாலி கூலிக்குப் போவதை விட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. நெல்லூர்க் கலப்புப் பொட்டைகள் எதையும் அவள் வளர்ப்புக்குக் கொடுப்பதில்லை. அவை நேராகக் கசாப்புக்குப் போகும். குட்டைக்காதியின் வழி வந்தவைதான் கோலியனூர் வரை போயிருக்கின்றன. வாங்க வருகிறவர்களிடம் அவள் குட்டியைக் காட்டுமுன் தாயைக் காட்டுகிறாள்.

சித்தப்பா நெல்லூர்க் கிடாவை விடவில்லை. பழைய ஆடுகளுக்கு அது வேண்டியிருந்தது. குட்டைக்காதி ஈன்றதற்கு அடுத்த பொங்கலில் பெரியதம்பி கிடாவைக் குளிப்பாட்டி, காவி பூசி, மாலையும் போட்டுப் படையலுக்கு ஓட்டி வந்தான். அடிவயிற்றில் கோவணம் இருந்தது. சாக்கு இல்லை, அவனுடைய வேட்டியில் கிழித்த வெள்ளைத் துணி, துவைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.