நகம் படாத குச்சி

குனிந்து, வலது கட்டைவிரல் நகத்தால் எலுமிச்சைக் கன்றின் பட்டையை லேசாகக் கீறுகிறார் க்ளெனிஸ் பாஸ்கோ. உள்ளே பச்சை. “உசுரு இருக்கு, நட்டுடுங்க” என்றுவிட்டு அடுத்த கன்றுக்கு நகர்கிறார்.

ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்தின் மேற்குப் பகுதியில், பழைய டென்னிஸ் மைதானத்தில் போட்ட சமூகத் தோட்டம் இது. சனிக்கிழமை காலையில் பதினைந்து பேர் மண்வெட்டியோடு வந்துவிடுவார்கள். அறுபத்தெட்டு வயது க்ளெனிஸ் பார்க்காமல் எந்தக் கன்றும் குழிக்குள் இறங்காது. “டாக்டரம்மா வந்தாச்சு, எல்லாரும் சட்டையைத் தூக்குங்க” என்பார் சொதிரிஸ். ஓய்வுபெற்ற தச்சர், ஒட்டுக்கட்டுவதில் கெட்டிக்காரர். “உன் தோலுக்கு நகம் பத்தாது, கோடாலி வேணும்” என்பார் க்ளெனிஸ். கையுறை மட்டும் போடவே மாட்டார். மற்றவர்கள் வாங்கிக் கொடுத்த ஜோடி, மடிப்புக் கலையாமல் பெல்ட்டில் தொங்குகிறது.

முப்பது ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். வாடகை வீட்டுக்குக் குடிவந்த வருடமே கொல்லையில் ஓர் ஆப்ரிகாட் மரம் வைத்தார். டிசம்பர் வந்தால் பேருந்தில் ஏறும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பழம், சட்டையெல்லாம் சாறு. இந்தக் குளிர்காலத்தில் வீடு கைமாறியது. இடிக்கும் இயந்திரம் வருவதற்கு முந்தின நாள் அந்த மரத்திலிருந்து ஐந்து குச்சிகளை வெட்டி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இப்போது குடியிருப்பது மூன்றாவது மாடியில்.

தோட்டத்துப் பிளம் தண்டுகளில் ஐந்தையும் ஒட்டுக்கட்டியவர் சொதிரிஸ்தான். நான்கு கருகின, அவற்றைப் பிடுங்கி எலுமிச்சை நட்டாயிற்று. ஐந்தாவது ஏழு வாரமாகச் சும்மா நிற்கிறது. செப்டம்பர் முடியப் போகிறது, இங்கே வசந்தம். வேலியோரத்து ஆப்ரிகாட்டுகள் பூத்துக் கொட்டி இலையும் விட்டாயிற்று.

இன்றைக்கு ஒரு மாண்டரின் கன்றுக்கு வரிசையில் இடம் குறைகிறது. எல்லாருடைய கண்ணும் அந்தக் குச்சியிடம் போய்த் திரும்புகிறது.

“ஒரு கீறு கீறிப் பாரேன், க்ளெனிஸ்” என்று சொதிரிஸ் மெல்லச் சொல்கிறார். “பச்சை இருந்தா விட்டுடலாம். இல்லேன்னா... எனக்கும் தெரிஞ்சா தேவலை.”

க்ளெனிஸ் மண்டியிடுகிறார். டேப் சுற்றிய ஒட்டுக்கு மேலே கட்டைவிரல் போகிறது, நிற்கிறது.

“இதோட பழத்தை நீ தின்னதே இல்லையே” என்கிறார்.

பிறகு பெல்ட்டிலிருந்து கையுறைகளை உருவி, இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு, தண்ணீர் வாளியைத் தூக்குகிறார்.