சக்கரச் சத்தமும் சம்பந்தி வீட்டாரும்

"என் பிரேக் தேய்ந்துவிட்டது" என்று சொல்லிக்கொண்டு மெக்கானிக்கிடம் வந்தவர் எவரையும் நான் பார்த்ததில்லை. லைட் எரிகிறது, சக்கரம் கத்துகிறது, இரண்டையும் எப்படியாவது நிறுத்து என்றுதான் வருவார்கள். திருப்பதிக்குப் பக்கத்தில் ரேணிகுண்டாவில் ஷெட் போட்டிருக்கும் எனக்குக் கூடுதல் தலைவலி. இங்கே வருகிற வண்டியில் பாதி மலை ஏறப் போகிற வண்டி. ஏறுவதை ஏழுமலையான் பார்த்துக்கொள்வார். இறங்குவதற்குப் பிரேக் வேண்டாமா? கார் வைத்திருக்கும் சக பாவிகளே, வரதய்யபாளையத்து முனிரத்தினம், கன்னியம்மா தம்பதியின் கதையைக் கேளுங்கள். உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும்.

பொட்டு வைத்த லைட்

முனிரத்தினம் மாந்தோப்புக்காரர். பழைய கார் ஒன்றை வாங்கி, பூஜை போட்ட கையோடு வந்தார். "லைட்டு ஒண்ணு எரிஞ்சிக்கினு இருந்துச்சு மேஸ்திரி. இப்ப காணோம்" என்றார். பார்த்தால், டாஷ்போர்டு கண்ணாடியில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பெரிதாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். துடைத்தேன். உள்ளே பிரேக் லைட் சிவப்பாக முறைத்தது.

முன் சக்கரத்துப் பிரேக் பேட் தேய்ந்து அப்பளமாகியிருந்தது. மாற்றியே ஆக வேண்டும் என்றேன். மகள் நிச்சயதார்த்தம் முடியட்டும் என்றார் அவர். கன்னியம்மாவுக்கு என்மேல் வேறு கோபம்: "நான் வச்சதும் செவப்பு, அது எரியறதும் செவப்பு. சாமியே ஒத்துக்கிச்சு, நீ ஏன் தொடச்ச?"

கச்சேரி

அடுத்த வாரமே வந்துவிட்டார்கள். சக்கரத்தில் சத்தம். "கீச்சுனு கத்துது" என்றார் அவர். "கீச்சு இல்ல, கொர்ருனு இழுக்குது" என்றார் கன்னியம்மா. நீ கிளட்சைக் கண்டாயா, உனக்குக் காது கேட்குமா என்று பேச்சு வளர்ந்து, இருவரும் மாறி மாறிக் கத்திக் காட்டினார்கள். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நான் ஏறி ஓட்டினால் சத்தமே வரவில்லை. மெக்கானிக் உட்கார்ந்தால் எந்த வண்டியும் நல்ல பிள்ளையாகிவிடும். இறங்கி அவரிடம் கொடுத்தேன், ஆரம்பித்துவிட்டது. இருவரும் மறுபடி கீச்சு, மறுபடி கொர்ரு. பொறுக்க முடியாமல் என் கூட்டாளி வெங்கடேசு ஸ்பானரை டின்மேல் தாளம் தட்டிக்கொண்டு தன் தெலுங்குத் தமிழில் சொன்னான்: "நீங்க ரெண்டு பேரும் பாடண்டி, நான் தாளம் வேஸ்தானு!"

பிரசாதம்

சக்கரத்தைக் கழற்றினோம். இரண்டு பேரும் சொன்னது சரிதான். கீச்சு, தேய்ந்த பேட். கொர்ரு, பூஜையில் உடைத்த தேங்காயின் ஓட்டுச் சில்லு. டிஸ்க்குக்குப் பின்னால் தகட்டில் போய் மாட்டியிருந்தது. கிரீஸும் மண்ணுமாய் இருந்த அதைக் குப்பையில் போடப் போனேன். கன்னியம்மா பாய்ந்து பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்: "கீழ போட்டுடாத! அது பிரசாதம்!"

சாவி

தேங்காயைக் கொடுத்துவிட்டேன். பேட் மாற்ற மட்டும் முனிரத்தினம் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் சத்தியவேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்களை இந்தக் காரில் மலைக்கு அழைத்துப் போய், கீழே இறங்கியதும் திருப்பதியில் தட்டு மாற்ற வேண்டும். "வண்டி இங்க மாட்டிக்கினா?" என்றார். கீச்சுக்கு என்ன செய்வீர்கள் என்றேன். பாட்டைச் சத்தமாக வைப்பாராம்.

வளைவு வளைவான மலைப்பாதை, ஆள் நிறைந்த கார், அப்பளம் மாதிரி பேட். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது. சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அங்கேயே புது பேட் மாட்டிய பிறகுதான் கொடுத்தேன். வாங்கும்போது அவர் சொன்னார்: "இந்தக் கல்யாணம் நின்னுச்சுன்னா நீதான் மேஸ்திரி ஜவாப்பு."

இறங்கும்போது

இரண்டு நாள் கழித்து வந்தார்கள். ஒருவர்மேல் ஒருவர் கோபத்தில் இரண்டு முகமும் உர்ரென்று இருந்தன. பிரேக் பிடிக்கவில்லையா என்றேன். "நல்லாத்தான் புடிச்சிச்சு. வம்பே அங்கதான்" என்றார் முனிரத்தினம்.

இத்தனை நாளும் அந்தக் கீச்சிலும் கொர்ரிலும் முன் சீட்டில் என்ன பேசினாலும் பின் சீட்டுக்குக் கேட்காது. அந்தப் பழக்கத்தில், சம்பந்திகள் கண்ணயர்ந்தார்கள் என்று நம்பி, கன்னியம்மா வழக்கமான குரலிலேயே சொல்லியிருக்கிறார்: "பையன் தங்கம்தான். அந்த மூக்கு மட்டும் முருங்கைக்காயாட்டம் கீது." சத்தம் போன காரிலோ ஊசி விழுந்தாலும் கேட்கும். கண்ணாடியில் சம்பந்தி அம்மாள் கண்ணைத் திறப்பதைப் பார்த்ததும் முனிரத்தினம் பிரேக்கை ஓங்கி மிதிக்க, புது பேட் கச்சிதமாகப் பிடித்து, எல்லோரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள்.

கல்யாணம் போயிற்று, பழி என்மேல் விழுந்தது என்றே நினைத்தேன். ஆனால் மலையிலிருந்து இறங்கியதும் அந்தச் சம்பந்தி அம்மாளே முதலில் தட்டை நீட்டி, பக்கத்தில் நின்ற தன் கணவரைக் காட்டிச் சொன்னாராம்: "அது இவர் மூக்குதான். எங்க நிச்சயத்தப்ப எங்கம்மாவும் இதையேதான் சொன்னாங்க. அவங்க வந்தது பஸ்ஸு, அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்கல."

ஆக, சக்கரம் சத்தம் போட்டால் வண்டியை என்னிடம் கொண்டு வாருங்கள், சத்தம் நின்றால் நீங்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதற்குப் பிரேக் மாட்டும் மெக்கானிக் ரேணிகுண்டாவில் இல்லை.