தெர்மாமீட்டரில் டீ வாசனை

ஆபீஸ் விட்டு நாவலூர் வீட்டுக்குள் நுழைந்தேன். என் மகளை மடியில் கிடத்தியிருந்த அம்மா, பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரை நீட்டினாள்.

"பாப்பாவுக்கு நூத்திரெண்டு கீது. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போலாம்."

வாங்கினேன். டீ வாசனை அடித்தது.

நாங்கள் படாளத்தில் இருந்தபோது எனக்கு ஏழு வயது. அம்மா இதை வெதுவெதுப்பான டீயில் முக்கி, பாதரசம் ஏறியதும் எடுத்து என் அக்குளில் வைப்பாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் மட்டும்தான் என்னை மடியில் வைத்துக்கொள்வாள்.

"ஜுரம் வுடவே மாட்டுது டாக்டர்" என்பாள். வார்டில் மற்ற அம்மாக்கள் அவளுக்கு இட்லி கொடுத்து ஆறுதல் சொல்வார்கள். எத்தனை ஊசி போட்டாலும் நான் உண்மையைச் சொன்னதில்லை. அந்த மடி எனக்கு வேண்டியிருந்தது.

மகளின் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

"இன்னாடி பண்ணுது கண்ணு?"

அவள் என் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஜுரம்" என்றாள்.